எரிபொருள் டேங்கை ஏற்றி அனுப்பிப் பத்திரமாக இறக்குவது: இறக்குமிடத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

டீசல் டேங்க் வாங்கும்போது கொள்ளளவைப் பற்றியும் பம்பின் வேகத்தைப் பற்றியும் நாள்கணக்கில் பேசுவோம். அது லாரியிலிருந்து எப்படிக் கீழே இறங்கும் என்ற பேச்சு மட்டும், பல இடங்களில், லாரி வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் தொடங்குகிறது. கையில் கிடைத்த ஃபோர்க்லிஃப்ட், கையில் கிடைத்த சங்கிலி, தள்ளிக்கொடுக்க நாலு பேர் என்று அவசரமாக இறங்கும் அந்த நேரத்தில்தான் ஆட்களுக்கு அடிபடுகிறது. டேங்கின் அடிப்பாகம் நசுங்குவதும் அப்போதுதான்.

நான் இங்கே பேசுவது வேலைத்தளங்களிலும் பண்ணைகளிலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் வைக்கிற, இடம் மாற்றக்கூடிய எஃகு டேங்குகளைப் பற்றி. ஆயிரம் லிட்டர் பெட்டி டேங்கிலிருந்து 20 அடி கன்டெய்னர் வடிவ டேங்க் வரை இதில் அடங்கும். இத்தனை வருடத்தில் எனக்குச் சரிப்பட்டு வந்தது ஒரே முறைதான்: டேங்க் உட்காரப் போகும் இடத்தில் போய் நின்று, அங்கிருந்து பின்னோக்கி வாகனம் வரை திட்டமிடுவது.

## 1. இடத்தைப் போய்ப் பாருங்கள்

முதலில் தரை. நிறைந்த டேங்கின் எடையைத் தரை தாங்க வேண்டும். ஒரு கணக்கு போடுவோம். காலியாக 3 டன் எடையுள்ள 10,000 லிட்டர் இரட்டைச் சுவர் டேங்க் (வெளிச்சுவருக்குள் தனியாக ஓர் உள் டேங்க் இருப்பது) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ. நிரப்பினால் டீசல் மட்டும் 8.4 டன், மொத்தம் 11.4 டன். அடிப்பரப்பு 12 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கன்டெய்னர் வடிவ டேங்க் நான்கு மூலைக் காலில்தான் நிற்கிறது. ஒவ்வொரு மூலையிலும் 2.85 டன், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஓர் இரும்பின் மேல். அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 டன் அழுத்தம். மண் தரையில் ஒரு மழை பெய்தால் ஒரு மூலை இறங்கிவிடும். டேங்க் சாயும், அளவுமானி தப்பாகக் காட்டும், குழாய் இணைப்புகள் இழுபடும். கான்கிரீட் தளம் இல்லை என்றால், மூலைகளுக்கு அடியில் அகலமான எஃகுத் தகடோ கனமான மரக்கட்டைகளோ போட்டு, நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் டேங்கை வரச் சொல்ல வேண்டும்.

அடுத்தது டேங்க் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது. பம்பு இருக்கிற கதவு வண்டிகள் வந்து நிற்கும் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கிரேன் என்றால் காற்றிலேயே திருப்பி வைக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் என்றால் டேங்கின் நீளப் பக்கத்திலிருந்துதான் முட்கரண்டி, அதாவது வண்டியின் இரண்டு இரும்புக் கரங்கள், உள்ளே போகும். லாரி எந்தத் திசையில் நிற்கிறதோ, கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஏறக்குறைய அப்படியேதான் வந்து இறங்கும். ஆகவே கதவு எந்தப் பக்கம் இருக்கும்படி லாரியில் ஏற்ற வேண்டும் என்பதை ஏற்றுமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒரு வரிதான், ஆனால் அதை எழுதாமல் விட்டு, இறக்கிய டேங்கை மறுபடி தூக்கித் திருப்பிய இடங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி இருந்தால் அந்த இடத்தில் கிரேன் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். வேறு வழியே இல்லை என்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கு 3 மீட்டர் என்பது அமெரிக்க விதிகளில் சொல்லும் கடைசி எல்லை. பூம் (கிரேனின் நீண்ட கை) வளைவதையும் ஸ்லிங் (சுமையைத் தொங்கவிடும் சங்கிலி அல்லது பட்டை) ஆடுவதையும் கண்ணால் கணிக்க முடியாது. நானாக இருந்தால் 6 மீட்டருக்குள் போகவே விடமாட்டேன்.

வாசல் அகலம், லாரி திரும்பும் இடம், தரைக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழியும் குழாய்களும், பக்கத்தில் இருக்கிற மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் ஒரு தாளில் கையால் வரைந்து, போட்டோவோடு போக்குவரத்து ஆட்களுக்கு அனுப்புங்கள். ஃபோனில் சொன்னால் போதாது.

## 2. உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

டேங்கின் பெயர்த்தகட்டில் இருக்கும் எடை, தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளியே வந்த அன்றைய எடை. புதுடேங்க் என்றால் அதை நம்பலாம், பம்பு, குழாய்ச் சுருள், பேட்டரி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டேங்கை இடம் மாற்றுகிறீர்கள் என்றால் கதை வேறு.

ஒருமுறை, 3 டன் என்று எழுதியிருந்த டேங்கைத் தூக்கும்போது கிரேனின் எடைகாட்டி 4.6 டன்னைத் தாண்டியது. தரையிலிருந்து அரை அடி எழும்பியதும் உள்ளே சளக் சளக் என்று சத்தம். கீழே இறக்கித் திறந்து பார்த்தோம். உள் டேங்கில் ஐந்து செ.மீ. அளவுக்கு டீசல் கிடந்தது. பம்பின் உறிஞ்சுகுழாய் எட்டாத அடிமட்டம் அது. அதுவே 440 கிலோ. வெளிச்சுவருக்கும் உள் டேங்குக்கும் இடையில் பத்து செ.மீ. உயரத்துக்கு மழைத்தண்ணீர். 12 சதுர மீட்டரில் பத்து செ.மீ. என்றால் 1,200 லிட்டர், அதாவது 1.2 டன். இரண்டும் சேர்ந்து தகட்டில் இருந்த எடையைவிடப் பாதிக்கு மேல் கூடிவிட்டது. கிரேன் பெரியதாக இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தோம்.

ஆகவே பழைய டேங்க் என்றால்: அடிமட்ட வால்வு வழியாகவோ கைபம்பு போட்டோ கடைசி வரை வடியுங்கள். இடைவெளியில் தண்ணீர் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வடிகாலில் விடக் கூடாது, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம்தான் போக வேண்டும். முடிந்தால் ஏற்றிய பிறகு எடைமேடையில் லாரியை நிறுத்தி, காலி லாரியின் எடையைக் கழித்துப் பாருங்கள். இறக்குமிடத்துக் கிரேன்காரருக்குச் சொல்ல வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இன்னொன்று: டேங்கின் தூக்கும் வளையங்கள் பெரும்பாலும் காலி டேங்குக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. ‘காலியாக மட்டும் தூக்கவும்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கும், பெயின்ட் உதிர்ந்திருந்தால் தெரியாது. தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

## 3. தூக்கும் இயந்திரம்

ஃபோர்க்லிஃப்ட்டில் ‘5 டன்’ என்று எழுதியிருப்பது, சுமையின் மையம் முட்கரண்டியின் முதுகிலிருந்து (நிமிர்ந்து நிற்கும் பாகம்) 600 மி.மீ. தூரத்தில் இருந்தால் மட்டும். சின்ன வண்டிகளில் 500 மி.மீ. நம் டேங்கின் அகலம் 2.4 மீட்டர். பக்கவாட்டிலிருந்து தூக்கினால் மையம் 1,200 மி.மீ. தள்ளிப் போகிறது. முன்சக்கர அச்சிலிருந்து முட்கரண்டி முதுகு வரை அரை மீட்டர் என்று வைத்தால், 5 × 1.1 ÷ 1.7, சுமார் 3.2 டன்தான் தூக்கும். இது ஒரு குத்துமதிப்புக் கணக்கு, வண்டியில் ஒட்டியிருக்கும் சுமை அட்டவணையே முடிவு. ஆனால் 4.6 டன்னாகிவிட்ட அந்த டேங்கை ‘5 டன் வண்டி இருக்கிறது’ என்று நம்பித் தூக்கியிருந்தால் வண்டி முன்பக்கம் கவிழ்ந்திருக்கும் என்பது இதிலேயே தெரியும். முட்கரண்டி டேங்கின் முழு அகலத்துக்கும் அடியில் போகிற நீளமும் வேண்டும். பாதி வரை போய் நின்றால் முனை அடித்தகட்டைக் குத்திவிடும்.

கிரேனும் அப்படித்தான். 25 டன் கிரேன் என்றால், பூமைக் கிட்டத்தில் வைத்துத் தூக்கும்போதுதான் 25 டன். சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை 12 மீட்டர் ஆனால் அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். லாரி நிற்கும் இடம், டேங்க் உட்காரும் இடம் இரண்டுக்கும் கிரேனிலிருந்து உள்ள தூரத்தை அளந்து, எது அதிகமோ அதற்கு அட்டவணையைப் பாருங்கள். கொக்கி, ஸ்லிங், ஷாக்கிள் (இணைப்பு வளையம்) எடையும் சுமையில் சேரும்.

கிரேனின் கால்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஏனோ யாரும் கேட்பதில்லை. கிரேனின் சொந்த எடை 24 டன், சுமை 5 டன் என்று வைப்போம். பூம் ஒரு காலின் மேல் வரும்போது மொத்தத்தில் முக்கால் பங்கு வரை அந்த ஒரு காலில் இறங்கலாம், ஏறக்குறைய 22 டன். 40 செ.மீ. சதுரத் தகடு மட்டும் இருந்தால் சதுர மீட்டருக்கு 137 டன். மென்மையான ஈரக் களிமண்ணோ சதுர மீட்டருக்கு 7, 8 டன்னுக்கு மேல் தாங்காது. ஒரு மீட்டர் சதுரப் பலகை போட்டாலும் அங்கே போதாது. வளையாத 2 மீட்டர் சதுர மேடை வேண்டும், அப்போது 5.5 டன்னாகக் குறையும்.

ஸ்லிங் விஷயத்தில் கோணம்தான் எல்லாம். நான்கு கால் ஸ்லிங் போட்டாலும், விறைப்பான பெட்டியில் இரண்டு கால்தான் உண்மையில் சுமக்கும் என்று கணக்கிடுவது நல்லது. 5 டன் சுமைக்கு, படுக்கைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒரு காலில் 2.9 டன். 45 டிகிரியில் 3.5 டன். 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 5 டன். சங்கிலி கட்டையாக இருக்கிறது என்று கோணத்தைத் தாழ்த்தி இழுக்காதீர்கள். நீளமான சங்கிலி கொண்டுவரச் சொல்லுங்கள்.

## 4. வாகனமும் வழியும்

20 அடி கன்டெய்னர் வடிவம் என்றால் நீளம் 6.058, அகலம் 2.438, உயரம் 2.591 மீட்டர். லாரியின் தளம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இருக்கும் என்பதால் மொத்த உயரம் 3.8 முதல் 4.1 மீட்டர். வழியில் 4 மீட்டர் பாலம் ஒன்று இருந்தால் தாழ்தள டிரெய்லர்தான் தேவை. டேங்கின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயையும் கைப்பிடிக் கம்பியையும் சேர்த்து அளக்கவும். கழற்ற முடிந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கப்பலில் போகிறது என்றால் இரண்டு விஷயம் முக்கியம். கன்டெய்னராகவே கையாள வேண்டுமானால், 1972-ஆம் ஆண்டு கன்டெய்னர் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி செல்லுபடியாகும் தகடு அதில் இருக்க வேண்டும். முதல் பரிசோதனை ஐந்து ஆண்டுக்குள், அப்புறம் 30 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டாவது, 2016 ஜூலை 1 முதல் சரக்கு ஏற்றிய கன்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடையை அனுப்புபவர் தராவிட்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். வடிவம் கன்டெய்னர் போல இருந்தும் தகடு இல்லாத டேங்கைத் தனிச் சரக்காக, திறந்த தளக் கன்டெய்னரின் மேல் கட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். செலவு கூடும், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

## 5. காலி என்றால் எவ்வளவு காலி?

டீசல் பற்றிக்கொள்ளச் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு அது வேண்டாம். மைனஸ் 40 டிகிரியிலும் அது பற்றக்கூடிய ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடமில்லை. வடித்துவிட்டு மூடி வைத்த பெட்ரோல் டேங்கில்தான் இந்தக் கலவை உருவாகிறது. அதனால் பெட்ரோல் வைத்திருந்த காலி டேங்கை நான் நிறைந்ததைவிடக் கூடுதல் பயத்தோடுதான் அணுகுவேன். அதன் பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் கூடாது. வாயு நீக்கிச் சுத்தம் செய்து, அளவிட்டு, சான்று வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

சுத்தம் செய்யாத காலி டேங்க், சட்டப்படி ஆபத்தான சரக்குதான். ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் டீசல் யூஎன் 1202, பெட்ரோல் யூஎன் 1203, இரண்டும் வகுப்பு 3, அதாவது தீப்பற்றும் திரவம். அடையாளப் பலகையும் ஆவணமும் நிறைந்த டேங்குக்குப் போல அதோடு போக வேண்டும். டேங்கை எரிபொருளோடு கொண்டுபோக நினைத்தால், அதற்கென்று சோதித்து யூஎன் குறி பெற்ற டேங்காக இருக்க வேண்டும். 3,000 லிட்டர் வரையிலான இடைநிலைக் கொள்கலன்கள் அப்படிக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு. ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்தும் டேங்கைப் பாதி டீசலோடு லாரியில் ஏற்றுவதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே அலை அடிக்கும், வளைவில் லாரியையே கவிழ்க்கும். ஆபத்தான சரக்கைச் சாலையில் கொண்டுபோவதற்கான ஐரோப்பாவின் ஏடிஆர் விதி, 7,500 லிட்டருக்கு மேற்பட்ட, உள்ளே அலைத்தடுப்பு இல்லாத டேங்கில் 20 முதல் 80 சதவீதம் வரை நிரப்பி ஓட்டுவதைத் தடுப்பது இதனால்தான்.

## 6. கட்டுதல்

பிரேக் போட்டால் சுமை தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே போகப் பார்க்கும், வளைவில் 0.5 பங்கு பக்கவாட்டில். ஐரோப்பியத் தரம் ஈஎன் 12195-1 எடுத்துக்கொள்வது இந்த அளவைத்தான். 3 டன் டேங்குக்கு முன்னோக்கி 2.4 டன். காய்ந்த மரத்தளத்தில் உராய்வு 0.3 என்றால் 0.9 டன்னைத் தளமே பிடிக்கும், மீதி 1.5 டன்னைப் பெல்ட்டும் முன்தடுப்பும் பிடிக்க வேண்டும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் உராய்வு 0.6 ஆகிவிடும், மீதி 0.6 டன்தான். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்பு வேறு இல்லை. கன்டெய்னர் மூலைகள் இருந்தால் ட்விஸ்ட்லாக் (மூலைத் துளைக்குள் போய்த் திருகிப் பிடிக்கும் பூட்டு) உள்ள டிரெய்லரே சிறந்தது.

பெல்ட் குழாய்களின் மேலும் அளவுமானியின் மேலும் போகக் கூடாது, கூர்விளிம்பில் காப்புத் துண்டு வைக்க வேண்டும். கிளம்பி சில கிலோமீட்டரில் ஓட்டுநர் நிறுத்தி, பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டை மறுபடி இறுக்க வேண்டும். முதல் குலுங்கலில் எல்லாப் பெல்ட்டும் கொஞ்சம் தளரும்.

## 7. இறக்கும் நாள்

லாரிக்கு முன்பே கிரேன் வந்து கால் ஊன்றி நிற்க வேண்டும். காற்றைப் பாருங்கள். வினாடிக்கு 10 மீட்டர் காற்று, 20 அடி டேங்கின் பக்கச்சுவரில் சுமார் 100 கிலோ விசையோடு தள்ளும். தொங்கிக்கொண்டிருக்கும் டேங்கைக் கயிறு பிடித்த இரண்டு பேரால் அதற்கு எதிராக நிறுத்த முடியாது. அன்று காத்திருங்கள்.

லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கி, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் நிற்கட்டும். சைகை காட்டுபவர் ஒரே ஆள். ‘நிறுத்து’ மட்டும் யார் காட்டினாலும் நிற்க வேண்டும். இதைத் தொடங்கும் முன் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

பெல்ட்டை அவிழ்க்கும் முன் லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்து, டேங்க் வழியில் நகர்ந்து ஏதாவது பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் நின்று அவிழ்க்காதீர்கள். ஸ்லிங்கை மாட்டி, லேசாக விறைத்த பிறகு கடைசிப் பெல்ட்டை எடுங்கள். ட்விஸ்ட்லாக் இருந்தால் நான்கையும் ஒரே ஆள் கையால் தொட்டுப் பார்த்து, திறந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று திறந்து, நான்காவது பூட்டியே இருந்தால் கிரேன் டிரெய்லரையும் சேர்த்துத் தூக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் தரையிலிருந்து மெல்ல விலகும், அவ்வளவுதான். அந்தக் கணத்தில் பூட்டு விட்டுவிட்டால் டேங்க் ஊசலாடிக் கிரேன் மேலேயே வரும்.

பத்து செ.மீ. தூக்கி நிறுத்துங்கள். எடைகாட்டியைப் படியுங்கள். சாய்வு இருக்கிறதா பாருங்கள், உள்ளே திரவச் சத்தம் வருகிறதா கேளுங்கள். சந்தேகம் என்றால் இறக்கிச் சரி செய்யுங்கள். சரி என்றால் லாரியை முன்னே எடுத்துவிட்டு, டேங்கைத் தாழ்வாகவே நகர்த்துங்கள். கீழே யாரும் போகக் கூடாது, கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தவும் கூடாது, அதற்குத்தான் நீளக் கயிறு. மூலைகள் தகட்டில் உட்கார்ந்து, மட்டம் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் ஸ்லிங்கைத் தளர்த்துங்கள்.

## 8. கையெழுத்துக்கு முன், முதல் நிரப்பலுக்கு முன்

டேங்க் இறங்கியதும் ஓட்டுநர் சலானை நீட்டுவார். ஒரு சுற்று நடந்துவிட்டு வாங்குங்கள். மூலைகள், அடித்தகடு, காற்றுக்குழாய், அளவுமானி, வால்வுக் கைப்பிடிகள், கதவின் பூட்டு. ஏதாவது நசுங்கியிருந்தால் போட்டோ எடுத்து, சலானில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று கையெழுத்திட்ட பிறகு காப்பீட்டில் பேசுவது மிகவும் கஷ்டம்.

பயணத்துக்காகக் காற்றுக்குழாயில் அடைப்பான் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் பம்பு செய்தால் உள்ளே காற்று அடைபட்டுச் சுவர் புடைக்கும். எரிபொருளை வெளியே எடுக்கும்போது வெற்றிடம் உண்டாகி உள்வாங்கும். எல்லா அடைப்பான்களையும் எண்ணி எடுத்து, நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் வரிசையாக வையுங்கள். ஏற்றுமிடத்தில் எத்தனை போட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களோ அத்தனையும் இருக்க வேண்டும். நில இணைப்புக் கம்பியை மாட்டுங்கள். இடைவெளியின் வடிகால் வால்வு மூடியிருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.

முதல் நாளே 10,000 லிட்டரையும் ஊற்ற வேண்டாம். 500 லிட்டர் விட்டு, அரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கசிவு இல்லை என்றால் பாதி வரை நிரப்பி, மறுநாள் காலையில் மட்டப்பலகையை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை நிரப்புங்கள்.